இருளர் பிள்ளைகள் அடுத்த தலைமுறையும் பாம்பு பிடிக்கப் போகவேண்டுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விசயம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1978-ல் பதிவான சங்கம். 1982-லிருந்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் 80 சதவீதம் வரை இங்கிருந்துதான் போகிறது என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2023-ல் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பு பிடிக்கும் இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு சங்க உறுப்பினர்கள் 350 பேர் அளவிலேயே நிற்கிறார்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இந்தச் சங்கத்தை அரசு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வரைக்கும் விரிவாக்க வேண்டும். இளைஞர்களுக்கு அவர்கள் அப்பா, தாத்தாவிடமே பயிற்சி கொடுத்து, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும் முடிந்ததும் உரிமமும் தரவேண்டும். ஒரு காலத்தில் இருளர் பிடித்த பாம்பெல்லாம் தோலுக்காகத்தான் போனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடை என்று அடுத்தடுத்து வந்தபோது ஒரு சமூகத்தின் சோறே நின்றுபோனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் இருளர்களோடு சேர்ந்து, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப விடலாம் என்று வழி கண்டதால்தான் அந்தத் தொழில் கௌரவமாக மறுபிறவி எடுத்தது. அதை இந்தத் தலைமுறையோடு முடியவிடுவது பெரிய தப்பு.

திண்டிவனம் டீச்சர் எழுதியது:

உங்கள் அக்கறை புரிகிறது சார், ஆனால் நான் முழுக்க எதிர்ப்பக்கம். என் வகுப்பில் இருளர் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதனால் நேரடியாகவே பேசுகிறேன்.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் இருளர் 1.9 லட்சத்துக்குப் பக்கம். அதில் நீங்கள் சொல்லும் சங்கத்தில் இருப்பது 350 பேர். பத்து மடங்கு விரிவாக்கினாலும் 3,500 பேர்தான். மிச்சப் பேர் எங்கே இருக்கிறார்கள்? செங்கல் சூளையில், அரிசி ஆலையில், சவுக்கு வெட்டில், வேலிக்காத்தான் வெட்டிக் கரி மூட்டம் போடும் இடத்தில். ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் குடிசை போட்டு இருக்கிறார்கள். இருளர் என்றாலே ஊர் முழுக்கப் பாம்பு, பாம்பு என்று பேசுவதால் இந்தப் பெரும்பான்மை யார் கண்ணிலும் படுவதில்லை.

வகுப்பில் ஒரு பையன் கணக்கில் நல்ல சுட்டி. அவனைப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் கேட்ட முதல் கேள்வி, "உங்க அப்பா பாம்பு பிடிப்பாரா?" என்பது. அவன் அப்பா ஆயுசில் பாம்பு பிடித்ததில்லை, சூளையில் கல் அறுக்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் பாம்புப் பயிற்சிப் பள்ளி கட்டிக்கொடுக்கப் போகிறோமா? முதலில் சாதிச் சான்றிதழ் கொடுங்கள். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா, தாத்தாவுக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத தாத்தாவிடம் எந்தக் காகிதம் இருக்கும்? சான்று இல்லாமல் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, கல்லூரியில் அந்த ஒரு சதவீத ஒதுக்கீடும் இல்லை. பத்தாம் வகுப்போடு பிள்ளை சூளைக்குத் திரும்பிப் போகிறது. எங்கள் ஊரில் நான் பார்ப்பது இதைத்தான்.

பாலாற்றங்கரை எழுதியது:

டீச்சர், சான்றிதழ் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ரெண்டும் வேண்டும். படிக்கிற பிள்ளை படிக்கட்டும். பத்தாவதோடு நின்ற பிள்ளைக்குச் சூளையைத் தவிர வேறு கதவு வேண்டாமா? அந்தக் கதவு அவன் வீட்டிலேயே இருக்கிறது என்கிறேன்.

2017-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி அங்கிருந்த சின்ன மிருகங்களையெல்லாம் காலிசெய்தபோது, அங்கத்திய பல்கலைக்கழகம் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான் கூப்பிட்டது. அங்கே போய் ரெண்டு வாரம் ஆவதற்குள்ளேயே 13 மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று 16 அடி. மோப்ப நாய், பொறி என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இவர்களைக் கூப்பிட்டார்கள். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத படிப்பு இது.

விரியன்74 எழுதியது:

காட்டுயிர் படிக்கும் மாணவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. இருளர் திறமை மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. களத்தில் நான் கற்றதில் பாதி அவர்கள் கற்றுக்கொடுத்தது. ஆனால் காட்டிலிருந்து பாம்பைப் பிடித்துவந்து, பானையில் மூன்று வாரம் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விடும் முறை இனி ரொம்ப நாள் ஓடாது. விரிவாக்குவது தப்பு.

முதல் காரணம், மருந்தின் தரம். ஒரே கண்ணாடி விரியனின் விஷம் தமிழ்நாட்டில் ஒரு மாதிரி, வேறு மாநிலத்தில் வேறு மாதிரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டியிருக்கின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரப் பாம்பின் விஷத்தை வைத்துக் குதிரைக்கு ஊசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து, ராஜஸ்தானில் கடிபட்டவனுக்கு அதே வேகத்தில் வேலை செய்வதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான் மருந்து. வடகிழக்கு நாகத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியனுக்கும் இந்தியாவில் தனி மருந்தே கிடையாது. இதற்கெல்லாம் அந்தந்த மாநிலத்தில் பண்ணை வேண்டும்.

இரண்டாவது, உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். பாம்பைத் தனிமைப்படுத்தி, நோய் பார்த்து, எந்த விஷம் எந்தப் பாம்பிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று கடைசிவரை பதிவு வைக்கவேண்டும் என்கிறார்கள். பிடித்து, எடுத்து, விடும் முறையில் அது கஷ்டம்.

மூன்றாவது, பிடிக்க இடமே இல்லாமல் போகிறது. திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் வயலாக இருந்ததெல்லாம் இன்று அடுக்குமாடி. போதாக்குறைக்கு வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. முதல் அட்டவணை என்றால் மாநில அனுமதி மட்டும் போதாது, ஒன்றிய அரசின் முன் அனுமதியும் வேண்டும். இப்படிப்பட்ட ஒரு தொழிலில் இன்னும் ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொண்டுபோய் நிறுத்துவது அவர்களுக்கே நல்லதல்ல.

இரவுப்பணி எழுதியது:

அரசு மருத்துவமனையில் செவிலியர். பேச்சு விஷம், சட்டம் என்று போகிறது, கடிபட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2000-த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் 12 லட்சம் பேர் என்று ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, வருடத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். எங்கள் வார்டுக்கு அறுப்புக் காலத்தில் வருவார்கள். கண்ணாடி விரியன் என்று சந்தேகம் வந்தால் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் எங்களுக்கு நிம்மதி மூச்சு வரும். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், உடனே மருந்துக் குப்பிகளை எடுக்கவேண்டும், எட்டோ பத்தோ குப்பி முதல் சுற்றிலேயே போகும். அந்த 20 நிமிடம் நோயாளியின் மனைவி நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கையில் இருக்கும் ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் ஓர் இருளர் வயல் வரப்பில் குனிந்து நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

விரியன் தம்பி சொல்வது சரியாகவே இருக்கட்டும், அந்தந்த மாநிலத்தில் பண்ணை வரட்டும். வரும்வரைக்கும்? இருக்கிற ஒரே பெரிய கிணற்றை மூடிவிட்டுப் புதுக் கிணறு தோண்ட ஆரம்பிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாகச் சேர்த்துவிட்டார்கள். 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது என்று ஒன்றிய அரசும் திட்டம் போட்டிருக்கிறது. மருந்து கூடுதலாகத்தான் தேவைப்படும். நான் பாலாற்றங்கரை சார் பக்கம்.

திண்டிவனம் டீச்சர் எழுதியது:

அக்கா, உங்கள் வேலைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நாட்டுக்கு மருந்து வேண்டும் என்பதற்காக ஒரு சாதிப் பிள்ளைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக விரியனைக் கையில் பிடிக்கவேண்டும் என்பது என்ன நியாயம்? மருந்து எல்லோருக்கும் வேண்டும், ஆபத்து மட்டும் அவர்களுக்கா? வேறு எந்தச் சமூகத்துப் பிள்ளையிடமாவது, உங்கள் தாத்தா செய்தார், நீயும் செய் என்று இப்போது சொல்லுவோமா? அதைக் குலத்தொழில் என்று சொல்லி எதிர்த்த மண் இது. இருளர் என்று வந்தால் மட்டும் அது "பாரம்பரிய அறிவு" ஆகிவிடுகிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

அதெப்படி டீச்சர் ஒன்றாகும்? குலத்தொழில் என்று நாம் எதிர்த்தது வேறு வழியே இல்லாமல் கட்டாயப்படுத்தியதை. நான் சொல்வது விருப்பப்பட்டவனுக்கு உரிமம். தவிர, இதில் வருவது சங்கத்தில் சேர்ந்த ஒருவனின் சொந்தச் சம்பாத்தியம், எந்த முதலாளி வீட்டு வாசலிலும் அவன் நிற்பதில்லை.

கன்னிமார் பேரன் எழுதியது:

வணக்கம். ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் இருளர், திருக்கழுக்குன்றம் பக்கம். அப்பா சங்கத்து உறுப்பினர். நான் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசுகிறீர்கள், அதனால் நானும் மறைக்காமல் பேசுகிறேன்.

முதலில், பாம்பு பிடிப்பது என்றால் தைரியம் என்று நினைக்கிறார்கள். தைரியத்துக்கு அங்கே வேலையே கிடையாது. அப்பா காலையில் கடப்பாரையும் கோணியும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். வரப்பு ஓரமாக நடந்துகொண்டே இருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். எலி வளை வாயில் மண் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, எச்சம் கிடக்கிறதா, உரித்த சட்டையில் ஈரம் இருக்கிறதா காய்ந்துபோயிருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பார். வளைக்குள் இருப்பது எலியா, நல்ல பாம்பா, உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆச்சு என்று வெளியில் நின்றே சொல்லிவிடுவார். அப்புறம்தான் கடப்பாரையை வைப்பார், அதுவும் பாம்பு மேல் படாத இடமாகப் பார்த்து. சின்னப் பாம்பு வந்தால் அப்படியே விட்டு மண்ணை மூடிவிடுவார். நானும் கூடப் போயிருக்கிறேன், எனக்கு அவர் கண்ணில் கால்வாசிகூட வராது. இதைப் பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதைப் பாலாற்றங்கரை அண்ணன் தெரிந்துகொள்ளவேண்டும். சின்ன வயதிலிருந்தே கூட நடந்தவனுக்கு மட்டும்தான் வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் கூட நடக்க முடியாது. இதில் ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும், ரெண்டும் வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்.

அடுத்து டீச்சருக்கு. உங்களைப் போல ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் நான் இன்னும் மேலே படித்திருப்பேன், அது உண்மை. ஆனால் ஒன்று சொல்கிறேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு எங்கள் சனம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாளே வந்து மணலில் கூடாரம் மாதிரி போட்டுத் தங்கி, விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டி, கன்னியம்மனுக்குப் பூசை போட்டு, பிள்ளைகளுக்கு மொட்டை அடித்து, பெண் பார்த்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்டு போவோம். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா ஊர் இருளரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது. அந்த நாளுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று பாருங்கள். மாசி மாதம் சூளைக்குச் சரியான சீசன். முன்பணம் வாங்கின குடும்பத்தை அனுப்பமாட்டார்கள், அனுப்பினாலும் புருசனை அனுப்பிவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் பல மாசிக்கு வரவில்லை. எங்கள் அப்பா ஒரு வருசமும் தவறியது இல்லை, ஏனென்றால் அவர் நாளுக்கு அவர்தான் சொந்தக்காரர். பாம்பு பெரிதா சிறிதா என்பது எனக்கு முக்கியமில்லை. யாரிடமும் முன்பணம் வாங்காமல் பிழைக்க எங்கள் சனத்துக்கு இருக்கும் ரொம்பக் கொஞ்ச வழிகளில் இது ஒன்று. அதைக் கேவலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

திண்டிவனம் டீச்சர் எழுதியது:

தம்பி, கேவலம் என்று நான் நினைத்ததே இல்லை, சொன்னதும் இல்லை. அந்தப் பையன் தலை குனிந்தது பாம்பு பிடிப்பது கேவலம் என்பதால் இல்லை, அவனை ஒரு வேடிக்கையாகப் பார்த்ததால். மாசி மகம் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்து மனம் கனத்தது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நான் முன்பணத்தை உடைக்கவேண்டும் என்கிறேன். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. கோட்டாட்சியர் போய் மீட்டு விடுதலைச் சான்று கொடுத்தால் பழைய கடன் முழுக்க ரத்து, உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரவேண்டும் என்று விதி இருக்கிறது. அது ஒழுங்காக நடந்தால் உங்கள் சித்தப்பாவும் மாசி மகத்துக்கு வருவார், பாம்பைத் தொடாமலேயே வருவார்.

செங்குன்றத்தான் எழுதியது:

டீச்சர், மீட்பது நடக்கிறது. மீட்ட பிறகுதான் பிரச்சினை. அரிசி ஆலையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சான்று கையில் இருக்கும், வீடு இருக்காது, வேலை இருக்காது. ஆறு மாதத்தில் வேறொரு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே வந்தவனுக்கு ஒரு தொழில் இல்லையென்றால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். அதற்காகப் பாம்புதான் என்று சொல்லவரவில்லை. ஏரி மீன் குத்தகையை அவர்கள் பெயருக்குக் கொடுக்கலாம், ஆடு வாங்கிக் கொடுக்கலாம், சூளையையே அவர்கள் கூட்டாக நடத்தவிடலாம். கல் அறுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

மீன்குடா எழுதியது:

நான் பழவேற்காட்டுப் பக்கம். இங்கே இருளர் பாம்பைத் தேடிப் போவதில்லை, இறாலைத் தேடித்தான் போகிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவி எடுப்பார்கள். கை ரெண்டும் வேலையாக இருப்பதால் ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு அதற்குள் போடுவார்கள். பெண்களும் செய்வார்கள், மணிக்கணக்காக. கடனும் இல்லை, எரிபொருளும் இல்லை. ஆனால் மீனவர் அட்டை கேட்டால், நீங்கள் மீனவர் இல்லையே, பழங்குடிதானே என்கிறார்கள். புயல் நிவாரணம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு வரும், இவர்களுக்கு வராது. பாம்பு விவாதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருளர் தொழில் என்று அரசின் கண்ணில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்க வருவதால்.

விரியன்74 எழுதியது:

மீன்குடா சொன்னது முக்கியமான விசயம். எலி பிடிப்பதையும் அதில் சேர்க்கவேண்டும். எலி வளை வாயில் சட்டியை வைத்துப் புகை ஊதி எலி பிடிப்பதும், வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லை எடுத்துக் குத்திச் சமைப்பதும் இருளர் வீட்டுப் பெண்களின் வேலையும் கூட. விவசாயிக்கு இதைவிடச் சுத்தமான பூச்சி மேலாண்மை எதுவும் கிடையாது, ஒரு சொட்டு விஷ மருந்து வயலில் விழாது. தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-லிருந்து மூலிகை நாற்றுப் பண்ணை, எலி பிடிப்பு எல்லாம் நடத்தியது. பாம்புச் சங்கத்துக்குக் கிடைத்த பெயரில் பத்தில் ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை.

ஆனால் கன்னிமார் பேரன் தோழரிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் அப்பா நாளுக்கு அவர்தான் சொந்தக்காரர் என்கிறீர்கள். வனத்துறை அனுமதி ஆணை வராத வருடத்தில்?

கன்னிமார் பேரன் எழுதியது:

நல்லாக் கேட்டீர்கள் தோழர். ஆணை தாமதமானால் வீட்டில் அடுப்பு எரியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் எத்தனை பாம்பு, எந்த மாவட்டம், எந்த மாதம் வரை என்று மேலிருந்து வரவேண்டும். காத்திருக்கும் மாதத்தில் அப்பா காவல் வேலைக்குப் போவார், தோட்டத்தில் களை எடுப்பார். ஊருக்குள் பாம்பு வந்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பிடித்துக் கொடுப்பார், நூறோ இருநூறோ கையில் வைப்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், கேள்வியையே நீங்கள் எல்லோரும் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் போகவேண்டுமா வேண்டாமா என்பதை எங்கள் வீட்டில் நாங்கள் முடிவு செய்துகொள்வோம். நீங்கள் கேட்கவேண்டியது, விஷத்தின் விலை எங்கே முடிவாகிறது, எத்தனை பாம்பு என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த அறையில் ஓர் இருளராவது உட்கார்ந்திருக்கிறாரா என்பது. எங்களுக்குப் பாம்புக்கு இவ்வளவு என்று கணக்கு. விஷத்தை உறையவைத்துப் பொடியாக்கி விற்பது சங்கம். அந்தப் பொடி கம்பெனிக்குப் போய் மருந்தாகித் திரும்ப எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே வருகிறது. சுருட்டை விரியன் ரெண்டு விரல் தடிமன்தான் இருக்கும், ஒரு பாம்பில் சொட்டு விஷம்தான் வரும், அதைப் பிடிக்க முள்ளுக்காட்டில் நாள் முழுக்கச் சுற்றவேண்டும். அந்த நாளுக்கு என்ன கூலி என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

நீங்கள் சொன்ன மாதிரி பண்ணை வரட்டும். எல்லாப் பாம்புக்கும் பதிவேடு வரட்டும். அதை நடத்துகிறவன் இருளராக இருக்கட்டும் என்கிறேன். எங்கள் பிள்ளையில் ஒருவன் உயிரியல் படித்து அந்தப் பண்ணைக்கு அதிகாரியாக வந்தால் டீச்சருக்கும் சந்தோசம், எங்கள் அப்பாவுக்கும் சந்தோசம். ஆனால் எனக்குத் தெரிந்து நடக்கப்போவது என்ன என்றால், பண்ணை வரும், டெண்டர் விடுவார்கள், பட்டம் படித்தவர்கள் வேலைக்கு வருவார்கள், எங்கள் ஆட்களைக் கூண்டு கழுவ வைப்பார்கள்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பிடிக்கும்போது கடி வாங்கினால் என்ன ஏற்பாடு? எங்கள் வார்டுக்கு ஒரு இருளர் பெரியவர் வந்திருந்தார், விரல் ஒன்று பாதி போயிருந்தது, பழைய கடி என்றார். இழப்பீடு கிடைத்ததா என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கன்னிமார் பேரன் எழுதியது:

அக்கா, அப்பாவுக்கும் கை விரல் ஒன்று மடங்காது. கடி வாங்காத ஆள் கிடையாது. முன்னெல்லாம் பச்சிலைதான், இப்போது நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சரியாகும் வரைக்கும் வீட்டில் வருமானம் கிடையாது. வயதான உறுப்பினருக்கு ஓய்வூதியம் என்று ஒன்றும் கிடையாது. நாட்டுக்கே மருந்து கொடுக்கிறோம் என்று மேடையில் சொல்கிறார்கள், ராத்திரி எங்கள் குடிசையில் பிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்கள். கட்டு விரியன் ராத்திரி தரையில் படுத்தவனைத்தான் கடிக்கும், வலிகூடத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும். ஒரு கான்கிரீட் வீடும் ஒரு கட்டிலும் இருந்தால் எங்கள் தெருவில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும் என் கோரிக்கை மாறவில்லை, இன்னும் வலுவாகத்தான் ஆகிறது. சங்கம் பெரிதானால்தான் விலை பேசும் பலம் வரும். 350 பேர் கேட்டால் எந்த அதிகாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான், 5,000 பேர் கேட்டால் பார்ப்பான். காப்பீடு, ஓய்வூதியம், ஒன்றிய அரசிடம் மூன்று வருடத்துக்கு ஒரே அனுமதி, இதெல்லாம் சேர்த்தே கேட்போம். வீட்டுக்கு 2023-ல் ஜன்மன் திட்டம் வந்திருக்கிறது. நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகுத்த 75 சமூகங்களுக்கு, 24,000 கோடிக்கு மேல். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டில் ஆறு பேர், தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கரோடு இருளரும் உண்டு.

திண்டிவனம் டீச்சர் எழுதியது:

வீடு கட்டப் பணம் வரும் சார், கட்ட இடம்? பட்டா இல்லாத குடும்பத்துக்கு எந்தத் திட்டத்திலும் வீடு வராது. ஏரிப் புறம்போக்கில் பட்டா தரமுடியாது, வேறு இடம் பார்க்கவேண்டும், வேறு இடம் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் இருளர் வரக்கூடாது என்று மறியல் செய்கிறார்கள். எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது. வன உரிமைச் சட்டம் 2006 மலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது கைகொடுக்கிறது. காடே இல்லாத சமவெளியில், வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் இருளருக்கு அதில் ஒன்றுமில்லை.

உங்கள் 5,000 பேர் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. விரியன் தம்பி சொன்ன மாதிரி பிடிக்க வயல் குறைந்துகொண்டே போகும்போது ஆளைக் கூட்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பாம்பு குறையும், இருக்கிற 350 பேர் வருமானமும் சேர்ந்து குறையும். இருப்பவர்களுக்கு நல்ல விலை, காப்பீடு, ஓய்வூதியம், நிர்வாகத்தில் இடம் என்றால் நானும் உங்களோடு வந்து மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். புதிதாக ஆள் சேர்ப்பதற்கு என் கையெழுத்து கிடைக்காது. கன்னிமார் பேரன் தம்பி என்ன சொல்கிறார்?

கன்னிமார் பேரன் எழுதியது:

ஆள் கூட்டுவதில் நானும் டீச்சர் பக்கம்தான். ஆனால் ஒரு திருத்தம் டீச்சர். சங்கத்தில் ஒரு உறுப்பினர் இறந்தாலோ கண் பார்வை போனாலோ அந்த இடம் அவர் வீட்டில் யாருக்காவது, மகனோ மகளோ, யார் விரும்புகிறார்களோ அவர்களுக்குப் போகவேண்டும். அதையும் மனுவில் போடுங்கள். எங்கள் அக்காவுக்கு அப்பாவின் கண் அப்படியே வந்திருக்கிறது. எலி வளை, பாம்பு வளை எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் உரிமம் அப்பா பேரில் இருக்கிறது, அவள் சும்மா கூடப் போகிறாள்.

விரியன்74 எழுதியது:

மனு எழுதினால் பதிவேடு பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். எந்த வயலில், எந்த மாதம், எந்தப் பாம்பு என்று இருளர்களே குறித்துவைத்தால், நாற்பது வருட விஷத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவு அவர்கள் பெயரிலேயே இருக்கும், அனுமதி கேட்கும்போதும் அதுவே ஆதாரம். காட்டிலிருந்து பிடிப்பதை நிறுத்தவேண்டும் என்ற என் நிலையில் மாற்றமில்லை. பண்ணை வரும் வரைக்கும் என்பதற்கு மட்டும் சம்மதம்.

பாலாற்றங்கரை எழுதியது:

அப்படியென்றால் விரிவாக்கத்தைத் தனி மனுவாக நான் போடுகிறேன், அதில் நீங்கள் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். மற்றதை எல்லோரும் சேர்ந்தே எழுதலாம். வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன். பேரன் தம்பி, உங்கள் அக்காவுக்கும் அப்பாவுக்கும் படித்துக்காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவர்கள் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடுவோம்.